அச்சில் எழும் இதயம்: அறுவைக்கு முந்தைய முடிவும் அதற்கான சான்றும்

குழந்தையின் இதயத்தைத் திறந்து சரிசெய்யும் அறுவை மருத்துவர், அந்த இதயத்தின் உட்புறத்தை அதன் இயல்பான வடிவில் ஒருபோதும் பார்ப்பதில்லை. இதய-நுரையீரல் இயந்திரம் ரத்தவோட்டத்தை ஏற்றுக்கொண்ட பின், பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தித் துடிப்பை நிறுத்தி, உள்ளிருக்கும் ரத்தத்தை வடித்த பிறகே அறைகளைத் திறக்கிறார்கள். அப்போது கண்முன் கிடப்பது துவண்டுபோன தசைப்பை. ரத்தம் நிறைந்து விம்மியிருந்தபோது எந்தத் துளை எந்தக் குழாயின் வாய்க்கு எவ்வளவு அருகில் இருந்தது, நடுவில் எந்தத் தசைமடிப்பு குறுக்கிட்டது என்பதையெல்லாம் அந்தத் துவண்ட நிலையிலிருந்து அவர் மனத்தால் கட்டியெழுப்ப வேண்டும். நேரமும் குறைவு. பெருந்தமனியைக் கவ்வியிட்டு மூடி வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசைக்கு ரத்தம் கிடைக்காத நிமிடம்.

இதய மருத்துவத்தில் முப்பரிமாண அச்சுக்கு இன்றுள்ள மிக உறுதியான பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ரத்தம் நிறைந்திருக்கையில் எடுத்த ஸ்கேன் படத்திலிருந்து, அந்தக் குழந்தைக்கே உரிய இதயத்தை அதே அளவில் பிசினிலோ ரப்பர் போன்ற பொருளிலோ அச்சிட்டுக் கையில் கொடுத்தால், மருத்துவர் அறுவைக்குச் சில நாள் முன்னதாகவே அதை வெட்டிப் பார்க்கலாம். எந்த அறுவை என்ற முடிவையே மாற்றலாம். ஆனால் இந்தப் பயனை நாம் அளக்கும் முறை சரியில்லை. நம்பகத்தன்மையைத் தேடும் இடமும் சரியில்லை. அச்சு இயந்திரங்களைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. படத்தைப் பகுத்துத் தருபவரின் தேர்ச்சியைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்படுகிறது. மாதிரி எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்பது அவர் கையில்தான் முடிவாகிறது.

நுட்பம் புதியதல்ல. ஒளி பட்டால் இறுகும் பிசினை அடுக்கடுக்காக இறுக்கி உருவம் எழுப்பும் முறைக்கு அமெரிக்கப் பொறியாளர் சக் ஹல் 1984இல் காப்புரிமை கோரினார். 1986இல் அது வழங்கப்பட்டது. வியன்னாவில் தாமஸ் பிண்டரும் உடன் பணியாற்றியவர்களும் எக்கோ (மீயொலி) படங்களிலிருந்து இதய உறுப்புகளின் திட உருவங்களை இம்முறையில் எடுத்து 2000ஆம் ஆண்டில் ஆய்வாக வெளியிட்டார்கள். 2007இல் லண்டனைச் சேர்ந்த சில்வியா ஷியவானோவின் குழு, 12 நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு வலது கீழறையின் வெளிவாயையும் நுரையீரல் தமனியின் தண்டுப் பகுதியையும் அச்சிட்டது. நெஞ்சைத் திறக்காமல் வடிகுழாய் வழியே நுரையீரல் வால்வு பொருத்தத் தக்கவர் யார், தகாதவர் யார் என்று பிரித்தறிய மாதிரி உதவுமா என்பதே அவர்களின் கேள்வி. உதவும் என்று கண்டார்கள். யாருக்கு இந்தச் சிகிச்சை, யாருக்கு வேண்டாம் என்று கேட்ட அந்த ஆய்வு சரியான கேள்வியோடுதான் தொடங்கியது. பின்னர் வந்த பல கட்டுரைகளில் அந்தக் கூர்மை மழுங்கிவிட்டது. மாதிரி செய்ய முடிந்தது, மருத்துவர்களுக்குப் பிடித்திருந்தது என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன.

பகுத்தெடுக்கும் கை

சி.டி. ஸ்கேன் இதயத்தை நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகளாகத் தருகிறது. ஒவ்வொரு வெட்டும் சாம்பல் நிறத்தின் பல சாயல்களால் ஆன படம். நரம்பு வழியே ஏற்றிய அயோடின் மருந்து கலந்திருப்பதால் ரத்தம் வெளுப்பாகத் தெரியும். தசை மங்கலாக இருக்கும். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக இருக்கும். அச்சு இயந்திரத்துக்கோ சாம்பல் நிறம் புரியாது. இங்கே பொருள் உண்டு, இங்கே இல்லை என்ற இரண்டே செய்திகள்தான் அதற்குத் தெரியும். ஆகவே ஒருவர் கணினிமுன் அமர்ந்து, வெட்டு வெட்டாக, இதுவரை ரத்தம், இதற்கப்பால் தசை என்று எல்லை வகுக்க வேண்டும். இத்தனை அடர்த்திக்கு மேல் இருப்பதெல்லாம் ரத்தம் என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் மென்பொருள் பெரும்பகுதியை நிரப்பிவிடும். அந்த எண்ணைச் சற்று ஏற்றினால் துளை சுருங்கும். சற்று இறக்கினால் விரியும். மருந்து சீராகக் கலக்காத அறையில், இல்லாத சுவர் முளைக்கும். இரண்டு நாளங்கள் ஒட்டிச் செல்லும் இடத்தில், இருக்கும் சுவர் மறையும். சிக்கலான பிறவிக் கோளாறுள்ள ஓர் இதயத்தைப் பகுத்து முடிக்கப் பல மணி நேரம் ஆகலாம்.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். மருத்துவமனைகள் வாங்கும் உயர்தர அச்சு இயந்திரம் ஒன்று சில பத்து மைக்ரான் கனத்தில் அடுக்கு வைக்கும். சி.டி. படத்தின் நுண்மையோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், எம்.ஆர்.ஐ. இன்னும் பருமனானது. படத்திலேயே இல்லாத நுணுக்கத்தை எந்த இயந்திரமும் அச்சிட்டுத் தர முடியாது. இயந்திரத்தின் துல்லியத்தைக் காட்டி மாதிரியின் துல்லியத்தைப் பேசும் விளம்பரங்கள் இந்த இடைவெளியைச் சொல்வதில்லை. வால்வின் மெல்லிய இதழ்களும் அவற்றைத் தாங்கும் நூல் போன்ற நாண்களும் சி.டி. படத்தில் தெளிவாக விழுவதில்லை. அதனால் பெரும்பாலான மாதிரிகளில் அவை இருப்பதில்லை. வால்வின் நாண் இடைச்சுவர்த் துளையைத் தாண்டி மறுபுறம் ஒட்டியிருந்தால் அறுவையின் வழியே மாறிவிடும். அந்தச் செய்தியை எக்கோதான் சொல்ல வேண்டும். மாதிரி மௌனமாக இருக்கும்.

சுவரின் கதை இன்னும் கவனத்துக்குரியது. பிறவிக் கோளாறு மாதிரிகளில் பரவலாகக் கையாளப்படும் முறை இது: ரத்தம் நிற்கும் இடத்தை மட்டும் பகுத்தெடுத்து, அதைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஓடு போர்த்தி, பிறகு உள்ளிருப்பதைக் கணினியில் நீக்கிவிடுகிறார்கள். உட்புற வடிவம் படத்திலிருந்து வந்தது. சுவரின் கனம் செய்தவர் கொடுத்தது. இதை அறிந்த மருத்துவர் உட்புறத்தை நம்புவார், சுவரை நம்பமாட்டார். அறியாதவர் இரண்டையும் நம்பிவிடும் ஆபத்து உண்டு. மாதிரியை மூலநூலாகக் கொள்ளாமல் உரையாகக் கொள்வதே பொருத்தம். உரையாசிரியர் ஓரிடத்தில் சொல்லைப் பிரித்த விதத்தால் பாட்டின் பொருள் மாறுவதுபோல, பகுப்பவர் ஒரு விளிம்பைப் பிரித்த விதத்தால் இதயத்தின் பொருள் மாறுகிறது. கடினமான நூலுக்குள் நல்ல உரையின்றிப் போக முடியாது. ஆனால் உரை எழுதியவர் யார், எந்தப் பாடத்தை வைத்து எழுதினார் என்று கேட்காமல் எந்தப் புலவரும் அதை ஏற்பதில்லை. இதய மாதிரி மட்டும் பெயரில்லாமல் அறுவை அரங்குக்குள் வந்துவிடுகிறது.

ஒரு கோளாறு, இரண்டு எதிர்காலங்கள்

மாதிரி எங்கே உண்மையாகவே தேவைப்படுகிறது என்பதைக் காட்ட ஒரு கோளாறு போதும். இயல்பான இதயத்தில் பெருந்தமனி இடது கீழறையிலிருந்தும் நுரையீரல் தமனி வலது கீழறையிலிருந்தும் புறப்படும். இரட்டை வெளிவழி வலது கீழறை என்ற பிறவிக் கோளாறில் இரண்டு தமனிகளும் வலது கீழறையிலிருந்தே புறப்படுகின்றன. இடது கீழறைக்கு வந்து சேரும் நல்ல ரத்தம் வெளியேற இடைச்சுவரில் உள்ள துளையைத் தவிர வேறு வழி இல்லை. அந்தத் துளை பெருந்தமனியின் வாய்க்குக் கீழே இருக்கலாம். நுரையீரல் தமனியின் வாய்க்குக் கீழே இருக்கலாம். இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். இரண்டிலிருந்தும் விலகிக் கீழே ஒதுங்கியும் இருக்கலாம்.

துளையிலிருந்து பெருந்தமனியின் வாய்வரை, வலது கீழறைக்குள்ளேயே, ஓர் ஒட்டுத்துணியால் சுரங்கம் அமைக்க முடிந்தால் இடது கீழறை உடலுக்கும் வலது கீழறை நுரையீரலுக்கும் ரத்தம் அனுப்பும்; குழந்தைக்கு இரண்டு கீழறைகளும் வேலை செய்யும் இதயம் கிடைக்கும். சுரங்கம் அமைக்க இடமில்லை என்று முடிவானால் எஞ்சும் வழி, போர்தோ நகரின் பிரான்சிஸ் ஃபோன்டான் 1971இல் வெளியிட்ட அறுவையின் வழி. உடலிலிருந்து திரும்பும் ரத்தத்தைக் கீழறையின் உந்துதல் இல்லாமல் நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிட்டு, உடலுக்கு ரத்தம் அனுப்பும் வேலையை மட்டும் இதயத்திடம் விடுவது அது. உயிரைக் காக்கும் அறுவைதான். ஆனால் நாளடைவில் கல்லீரல் தழும்பேறுவது, குடல் வழியே புரதம் இழப்பது, துடிப்பு ஒழுங்கு கெடுவது என்று அதன் சுமைகள் வாழ்நாள் முழுதும் தொடரும். ஒரே குழந்தை, ஒரே இதயம். துளைக்கும் தமனிவாய்க்கும் நடுவிலுள்ள சில மில்லிமீட்டர் இடத்தைப் பற்றிய மதிப்பீட்டில் இரண்டு வேறு எதிர்காலங்கள் பிரிகின்றன.

இந்த இடத்தைத் தட்டையான வெட்டுகளில் பார்த்துப் புரிந்துகொள்வது தேர்ந்தவர்களுக்கும் கடினம். அச்சிட்ட மாதிரியிலோ வலது கீழறையின் முன்சுவரில் ஒரு சாளரம் வெட்டி, அறுவையின்போது பார்க்கப்போகும் அதே கோணத்திலிருந்து பார்க்கலாம். துணியை அளந்து வெட்டி வைத்துப் பார்க்கலாம். வால்வெர்டேயும் பிறரும் 2017இல் ஐரோப்பிய இதய-நெஞ்சறை அறுவை ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கான முக்கியச் சான்று. 10 மருத்துவ மையங்களில், சிக்கலான பிறவிக் கோளாறுள்ள 40 பேரின் இதயங்கள் அச்சிடப்பட்டன. 21 பேருக்கு முன்பே எடுத்த முடிவு மாறவில்லை. 19 பேருக்கு மாதிரியைப் பார்த்த பின் அறுவைத் திட்டம் திருத்தப்பட்டது. ஏறத்தாழப் பாதிப் பேர்.

நம் நாட்டிலிருந்தும் அதே ஆண்டில் ஒரு கட்டுரை வந்தது. கொச்சி அமிர்தா மருத்துவமனையின் மகேஷ் கப்பநாயில், ராமன் கிருஷ்ணகுமார் முதலியோர் குழந்தை இதயவியல் ஆய்விதழில், பொறுக்கியெடுத்த ஐந்து சிக்கலான நோயாளிகளுக்கு மாதிரி அச்சிட்டு முடிவெடுத்த அனுபவத்தைப் பதிவு செய்தார்கள். வசதி குறைந்த சூழலில் இது ஆகுமா என்பதே அவர்களின் கேள்வி. எண்ணிக்கை சிறியது என்பதை அவர்களே மறைக்கவில்லை. ஆரம்ப அனுபவம் என்றே தலைப்பிட்டார்கள். ஆயினும் எனக்கு அந்தக் கட்டுரை பெரிய மையங்களின் கட்டுரைகளைவிட முக்கியமாகப் படுகிறது. காரணம் நம் நோயாளிகளின் நிலைமை. இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களில் பலர் மருத்துவமனைக்குத் தாமதமாகவே வருகிறார்கள். இதை இனிச் சரிசெய்ய முடியாது என்ற தீர்ப்பை அந்தப் பெற்றோர் கேட்க நேர்கிறது. அத்தீர்ப்பு சில நேரம் இதயத்தின் உண்மை நிலையைச் சொல்கிறது. சில நேரம் அந்த இதயத்தைப் போதிய அளவு பார்க்க முடியாததை மட்டுமே சொல்கிறது. இரண்டையும் பிரித்தறிய உதவும் எந்தக் கருவியும் வசதி குறைந்த இடத்தில்தான் அதிகம் தேவை.

சான்றை எப்படி அளப்பது

வால்வெர்டேயின் ஆய்வில் 19 பேருக்குத் திட்டம் மாறியது என்பதை வைத்துக்கொண்டு 19 பேர் நன்மை பெற்றார்கள் என்று எழுதிவிட முடியாது. மாறாத திட்டத்தோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை. மாதிரிக்கு முன்னும் பின்னும் முடிவெடுத்தவர்கள் அதே குழுவினர். இரண்டாம் முறை யோசிப்பதே சில முடிவுகளை மாற்றியிருக்கக்கூடும். மாதிரியின் துல்லியம் பற்றிய செய்தியையும் இப்படியே நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த ஆய்வில் மாதிரிக்கும் படத்துக்கும் இடையிலான சராசரி வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பாராட்டத்தக்கதுதான். ஆனால் அது மாதிரியையும் படத்தையும் ஒப்பிட்ட அளவு. இதயத்தோடு ஒப்பிட்ட அளவு அல்ல. படத்தில் நேர்ந்த பிழையை மாதிரி துல்லியமாகப் பிரதி எடுத்திருந்தாலும் இந்தக் கணக்கில் அது தேர்ச்சியாகவே வரும்.

வேறு சில ஆய்வுகள் அறுவை அரங்கில் மிச்சமாகும் நிமிடங்களை எண்ணுகின்றன. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் குழந்தைகள் மருத்துவமனை தன் மூன்றாண்டு அனுபவத்தை 2018இல் வெளியிட்டபோது, மாதிரி கிடைத்த நோயாளிகளின் அறுவை நேரம் குறைந்திருந்தது. ஆனால் புள்ளியியல் கணக்கில் அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் அளவுகோலே பொருந்தவில்லை. மாதிரியைப் பார்த்து, எளிய ஃபோன்டான் வழியை விட்டுக் கடினமான இருகீழறைச் சீரமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அறுவை நேரம் கூடும். அதுவே மாதிரியின் வெற்றி. நிமிடம் எண்ணும் ஆய்வு அதைத் தோல்வியாகக் கணக்கிடும்.

பெற்றோருக்கு விளக்குவதில் மாதிரியின் இடம் என்ன என்பதற்கும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஜியோவன்னி பிக்ளினோவும் பிறரும் லண்டனில் 97 பெற்றோரைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்டது. பெற்றோருக்கும் மருத்துவருக்கும் மாதிரி பிடித்திருந்தது. சந்திப்பு சராசரியாக ஐந்து நிமிடம் கூடுதலாக நீண்டது. ஆனால் குழந்தையின் கோளாறு பற்றிய பெற்றோரின் அறிவு, மாதிரி பார்த்தவர்களிடமும் பார்க்காதவர்களிடமும் வேறுபாடின்றியே உயர்ந்தது. மாதிரி இருந்தால் பெற்றோருக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று இனி எழுதுபவர்கள் இந்த முடிவையும் சேர்த்தே எழுத வேண்டும். புரியவைத்தது மருத்துவர் ஒதுக்கிய நேரமும் பேச்சும்தான். கூடுதலாகக் கிடைத்த அந்த ஐந்து நிமிடம் தன்னளவில் ஒரு நன்மை என்று வாதிடலாம். அதை நான் மறுக்கமாட்டேன்.

தேவைப்படுவது இன்னும் கடுமையான ஒரு முறை. படங்களை மட்டும் பார்த்துக் குழு எடுத்த முடிவை எழுதி முத்திரையிட வேண்டும். பிறகு மாதிரியைக் கொடுத்து இரண்டாம் முடிவை எழுதச் செய்ய வேண்டும். மற்றொரு குழுவுக்கு மாதிரி இல்லாமல், படங்களைப் பார்க்க அதே அளவு கூடுதல் நேரம் மட்டும் கொடுக்க வேண்டும். அறுவையின்போது துளையின் அளவையும் இடத்தையும் நேரில் அளந்து மாதிரியோடு ஒப்பிட வேண்டும். ஓராண்டுக்குப் பின் குழந்தையின் நிலையை, முடிவெடுப்பில் பங்கில்லாதவர்கள் மதிப்பிட வேண்டும். இதில் எதுவும் செய்ய முடியாத காரியமல்ல.

பெரியவர்களின் இதயத்தில்

பெரியவர்களின் நோய்களில் மாதிரிக்குள்ள இடம் குறுகியது, குறுகிக்கொண்டும் வருகிறது. சுண்ணாம்பு படிந்து இறுகிய பெருந்தமனி வால்வுக்குள் வடிகுழாய் வழியே புது வால்வை விரிக்கும்போது ஓரங்களில் ரத்தம் கசிவது ஒரு பழைய தொல்லை. அட்லாண்டாவில் ஷென் சியென் குழுவினர் 18 நோயாளிகளின் தமனிவேரை, திசுவின் நெகிழ்வைப் போலவே நெகிழும்படி வடிவமைத்த பொருளில் அச்சிட்டு, அதற்குள் வால்வை விரித்து, கசிவை முன்கூட்டிக் கணிக்கலாம் என்று 2017இல் காட்டினார்கள். சியோலின் அசான் மருத்துவ மையம், தடித்த இடைச்சுவரைச் செதுக்கும் அறுவைக்கு 2015இல் மாதிரியைக் கையாண்டது. டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில், ரத்தக்கட்டி உருவாகும் இடது மேலறைப் பையை அடைக்கும் கருவியின் அளவைத் தேர்வதற்கு மாதிரி பயன்பட்டது. மூன்றும் நல்ல பணிகள். ஆனால் இவற்றில் பலவற்றுக்கு இன்று சி.டி. படத்தைக் கொண்டே கணினி அளவு சொல்லிவிடுகிறது. பொருத்திப் பார்க்கவோ தைத்துப் பார்க்கவோ வேண்டாத இடத்தில், திரையிலேயே சுழற்றிப் பார்த்துவிட்டால் போதும். எளிய மேலறைத் துளைக்கும் சிக்கலற்ற கீழறைத் துளைக்கும் மாதிரி அச்சிடுவது வீண்செலவு.

கணினித் திரையும் மெய்நிகர்க் கண்ணாடியும் வந்துவிட்ட பிறகு அச்சே எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: பகுத்தெடுக்கும் பணி இரண்டுக்கும் பொது. அதில்தான் மருத்துவ அறிவு சேர்கிறது. அதன் முடிவைத் திரையில் பார்ப்பதா, அச்சிட்டுப் பார்ப்பதா என்பது அடுத்த கேள்வி; கத்தியும் ஊசியும் படப்போகும் இடத்தில் அச்சு வேண்டும்.

கத்தியும் ஊசியும் என்னும்போது டொரண்டோவை நினைக்காமல் இருக்க முடியாது. அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையின் ஷி-ஜூன் யூ, பிறவிக் கோளாறுள்ள இதயங்களை வளையும் பொருளில் அச்சிட்டு, இளம் அறுவை மருத்துவர்கள் உலகெங்கிலுமிருந்து வந்து தைத்துப் பழகும் பயிற்சிகளை 2015 முதல் நடத்திவருகிறார். அரிய கோளாறு ஒன்றைப் பயிற்சிக் காலத்தில் ஒருவர் ஓரிரு முறைதான் பார்ப்பார்; அதுவும் மூத்தவரின் தோளுக்குப் பின்னாலிருந்து. முதல் தையலை உயிருள்ள குழந்தையில் போடுவதற்குப் பதிலாக அச்சில் போடலாம் என்பது, சான்று தேடிக் காத்திருக்க வேண்டாத அளவுக்கு வெளிப்படையான நன்மை. அச்சுப் பொருள் மனிதத் திசுவைப் போல அவ்வளவாக இழுபடுவதில்லை. அந்தக் குறை பயிற்சிக்குத் தடையாக இல்லை.

மாதிரியின் அளவு உடலுக்குள் சென்றபோது

முப்பரிமாண அச்சின் இதய வரலாற்றில் மிகவும் கற்பிக்கும் நிகழ்வு, வியப்பாக, ஒரு நோயாளி தொடங்கிவைத்தது. டால் கோல்ஸ்வொர்தி இங்கிலாந்துப் பொறியாளர். கொதிகலன் துறையில் பணியாற்றியவர். மார்ஃபான் நோயோடு பிறந்தவர். இந்நோயில் இணைப்புத் திசு வலுவிழந்து, பெருந்தமனி இதயத்திலிருந்து புறப்படும் வேர்ப்பகுதி மெல்ல மெல்ல உப்பிக்கொண்டே போகும், ஒருநாள் கிழியலாம். அப்போது வழக்கத்தில் இருந்த சிகிச்சை, தமனிவேரையும் வால்வையும் வெட்டியெடுத்துச் செயற்கைக் குழாயும் உலோக வால்வும் வைப்பது. அதன் பிறகு ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுதும் மருந்து. கோல்ஸ்வொர்தி கேட்டது பொறியாளர் கேட்கும் கேள்வி: வீங்கும் குழாயை ஏன் வெட்டியெறிய வேண்டும்? வெளியிலிருந்து இறுக்கமாக ஓர் உறை போர்த்தினால் வீக்கம் நிற்காதா?

உறை பொருந்த வேண்டுமானால் அது அவருடைய தமனிக்கே அளவெடுத்ததாக இருக்க வேண்டும். தமனிவேர் உருளை வடிவமல்ல. மூன்று புடைப்புகளும் இதயத் தமனிகள் கிளைக்கும் இரண்டு வாய்களும் கொண்ட சிக்கலான வடிவம். அறுவை மருத்துவர் டாம் டிரெஷரின் துணையோடு அவர் வகுத்த வழி இது: எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து தமனிவேரின் வடிவத்தைக் கணினியில் எடுப்பது. அதை அச்சிட்டுத் திட அச்சுருவாக்குவது. அந்த உருவின்மேல் பாலியெஸ்டர் வகை நூலால் மெல்லிய வலையுறை செய்வது. 2004 மே மாதத்தில் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையில் ஜான் பெப்பர் அந்த உறையை அவருடைய தமனிக்கு அணிவித்தார். அந்தச் சிகிச்சையின் முதல் நோயாளி அதைக் கண்டுபிடித்தவரே. இதுவரை பல நாடுகளில் பல நூறு பேருக்கு இந்த அறுவை நடந்திருக்கிறது. ஆரம்பகால நோயாளி ஒருவர் நாலரை ஆண்டுக்குப் பின் வேறு காரணத்தால் இறந்தபோது நடந்த ஆய்வில், வலை தமனிச் சுவரின் வெளி அடுக்கோடு முழுமையாக இணைந்திருந்தது தெரியவந்தது.

இங்கே அச்சிட்ட பொருள் உடலுக்குள் போகவில்லை. அதன் அளவு மட்டும் போனது. அதனால் பகுத்தெடுப்பின் பொறுப்பு பல மடங்காகிறது. அறுவையைத் திட்டமிட உதவும் மாதிரியில் பிழை இருந்தால், இதயத்தைத் திறந்ததும் மருத்துவர் அதைக் கண்டுகொள்வார்; திட்டத்தை மாற்றிக்கொள்வார். உறை விஷயத்தில் விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் தவறினால், தவறான அளவுள்ள உறையே அரங்குக்கு வந்து சேரும். இந்தச் சிகிச்சை இருபது ஆண்டுகளாக நிலைத்ததற்குக் காரணம் இயந்திரத்தின் நேர்த்தி அல்ல. ஒரு குறிப்பிட்ட தமனிவேரின் வடிவை எடுப்பது, அளப்பது, சரிபார்ப்பது என்ற ஒரே வேலையைத் தொடர்ந்து செய்து பழகிய சிறு குழு ஒன்று இருந்ததுதான்.

உயிருள்ள இதயத்தை அச்சிடுவது

செய்தித்தாள்கள் அதிகம் பேசியது உயிருள்ள இதயத்தையே அச்சிடுவதைப் பற்றித்தான். ஆகவே இதையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஏப்ரலில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டால் ட்விர், மனிதக் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களை இதயத்தசைச் செல்களாக மாற்றி, முயலின் இதய அளவில் ஓர் உருவத்தை அச்சிட்டுக் காட்டினார். செல்கள் சுருங்கின, இதயமாக ரத்தத்தை உந்தவில்லை. அதே ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஃபைன்பெர்க், கூழ் போன்ற ஊடகத்துக்குள் கொலாஜனை அச்சிடும் முறையால் சிறிய கீழறை ஒன்றைச் செய்து, அது ஒத்திசைந்து சுருங்குவதைக் காட்டினார். இவை உயர்ந்த அறிவியல். சிகிச்சையிலிருந்து இவை நிற்கும் தொலைவும் பெரிது. ஆக்சிஜன் திசுவுக்குள் ஊடுருவும் தொலைவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். பெரியவரின் இடது கீழறைச் சுவரோ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனம். நுண்ணிய ரத்தநாளங்களைச் சுவர் முழுதும் அச்சிடாமல் அந்தச் சுவர் உயிரோடிருக்காது. அந்த இதயம் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை என்று எத்தனையோ ஆண்டு துடிக்க வேண்டும். சூரிச்சின் ஈ.டி.எச். ஆய்வாளர்கள் 2017இல் அச்சு வழியே வார்த்த 390 கிராம் சிலிக்கோன் இதயம் ஏறத்தாழ 3,000 துடிப்புவரைதான் தாங்கியது. அரை மணி நேரத்துக்குச் சற்றே மேல். அதைச் செய்தவர்களே அது கருத்தைச் சோதித்த முயற்சி என்றார்கள். மாற்று இதயத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்திடம் இந்தச் செய்திகளைக் காட்டி நம்பிக்கை கொடுப்பது அநீதி.

யார் செய்வது, யார் செலவேற்பது

அமெரிக்காவில் மருத்துவச் சேவைகளுக்கான குறியீட்டுப் பட்டியலில் உடலமைப்பு மாதிரி அச்சிடுவது 2019 ஜூலையில் இடம்பெற்றது. புதிய நுட்பங்களைக் கண்காணிப்பதற்கான தற்காலிக வரிசையில். அதனால் காப்பீடு பணம் தரும் என்ற உறுதி கிடைக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை பதிவாகத் தொடங்கியது. கதிரியக்கவியல் சங்கங்கள் அதை ஒட்டிப் பொதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கின. இந்தியாவில் பிறவி இதயக் கோளாறுக்கு அரசுகள் செலவேற்கும் மரபு வளர்ந்துவருகிறது. கேரளத்தின் ஹிருதயம் திட்டம் 2017இல் தொடங்கியது. தமிழ்நாட்டின் காப்பீட்டுத் திட்டமும் குழந்தைகளின் இதய அறுவைக்குப் பணம் தருகிறது. அறுவைக்குக் கிடைக்கும் தொகையில் அறுவைக்கு முந்தைய திட்டமிடலுக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவது கடினமல்ல.

அந்தப் பங்கு இயந்திரம் வாங்கப் போகக்கூடாது. அச்சு இயந்திரம் பொறியியல் கல்லூரிகளிலேயே இருக்கிறது. வெளியில் அச்சிட்டும் வாங்கலாம். பகுத்தெடுக்க ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இல்லாதது, மாறுபட்ட இதயங்களைப் படித்தறிந்து அந்த மென்பொருளின்முன் உட்காரும் ஆள். செயற்கை நுண்ணறிவு அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று காத்திருப்பதும் சரியாகத் தோன்றவில்லை. இயல்பான இதயத்தை அது நன்றாகவே பகுக்கிறது. பிறவிக் கோளாறுள்ள இதயம் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய படங்கள் குறைவு. அறுவைத் திட்டமிடலுக்கான பகுத்தெடுப்பை முன்வைத்து 2016இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் படங்களைக் கொண்டு நடந்த சர்வதேசப் போட்டிக்குக் கிடைத்தவை மொத்தம் 20 எம்.ஆர்.ஐ. படத்தொகுதிகள். மாதிரி எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் கணினி மிகவும் தடுமாறும்.

ஆகவே இதய அறுவை மையங்களை நடத்துபவர்களிடமும் அரசிடமும் கேட்பது இவ்வளவுதான்: மண்டலத்துக்கு ஒரு மையத்தில், குழந்தை இதயவியலும் படிம நுட்பமும் கற்ற இருவரைப் பகுத்தெடுக்கும் பணிக்கென்றே நியமியுங்கள், சுற்றியுள்ள மருத்துவமனைகளின் படங்கள் அவர்களிடம் போகட்டும். ஒவ்வொரு மாதிரியின் அடிப்புறத்திலும் பகுத்தவரின் பெயர், பட வகை, எடுத்த தேதி, சுவரின் கனம் படத்திலிருந்து வந்ததா சேர்த்ததா என்ற குறிப்பு ஆகியவை பொறிக்கப்படட்டும். மாதிரிக்கு முன்னும் பின்னும் எடுத்த முடிவுகளும், அறுவையில் கண்டதும், ஓராண்டுக்குப் பின் குழந்தையின் நிலையும் ஒரே பதிவேட்டில் சேரட்டும். ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் இந்தப் பதிவு இல்லாத கட்டுரைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும்.